மலைப் பூங்காவில் கப்பிச் சாலைகள்

கிராமத்திற்குச் சாலை வேண்டும் என்னும் கோரிக்கை எழாத பஞ்சாயத்துக் கூட்டம் இல்லை எனலாம். கோரிக்கை நிறைவேறிச் சாலையும் போடப்பட்டபின், அதைப் பற்றி மீண்டும் பேச்சு எழுவது அது பழுதான பிறகுதான். கப்பியும் சரளையும் பரப்பி அமைத்த சாலை இரண்டு மழைக்காலங்களைக் கண்டதும் குண்டும் குழியுமாகிவிடுகிறது. ‘கப்பிச் சாலை என்றால் அப்படித்தான், தார் போட்டால்தான் நிற்கும்’ என்று நாமும் முடிவு கட்டிவிடுகிறோம். இம்முடிவு சரியானதுதானா?

இக்கேள்விக்கு விடை தரக்கூடிய உதாரணம் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இருக்கிறது. அந்நாட்டின் வடகிழக்குக் கோடியிலுள்ள மெய்ன் மாநிலத்தில் அக்கேடியா தேசியப் பூங்கா என்றொரு மலைப் பூங்கா உண்டு. அதனுள் 45 மைல் நீளத்திற்கு, அதாவது ஏறத்தாழ 72 கிலோமீட்டருக்கு, தார் பூசாத கற்சாலைகள் அமைந்துள்ளன. மலையும் மழையும் உறைபனியும் சேர்ந்த அவ்விடத்தில், அவற்றுள் பழையவை நூறாண்டைக் கடந்தும் நிற்கின்றன. குதிரை வண்டிகளுக்காகப் போடப்பட்ட அச்சாலைகளில் இன்று மக்கள் சைக்கிளில் ஏறி மலைகளைச் சுற்றி வருகிறார்கள். அவை எவ்வாறு அமைக்கப்பட்டன, இடையில் எவ்வாறு நலிந்தன, பின்னர் எவ்வாறு மீண்டன என்பவற்றை அறிவது, ஊர்ச் சாலைகளின் பொறுப்பை ஏற்றுள்ள பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் அவற்றில் அன்றாடம் வண்டி ஓட்டும் விவசாயிகளுக்கும் பயன் தருவதாகும்.

தீவும் மலையும்

அக்கேடியா பூங்காவின் பெரும்பகுதி மவுண்ட் டெசர்ட் என்னும் தீவில் அமைந்துள்ளது. அட்லாண்டிக் கடலில், கரையை ஒட்டியுள்ள இத்தீவில் கருங்கல் மலைகள் கடலோரத்திலிருந்தே எழுகின்றன. அவற்றுள் உயர்ந்தது காடிலாக் மலை. அதன் உயரம் 1,530 அடி. பன்னெடுங்காலத்திற்கு முன் பெரும் பனிப்பாறைகள் நகர்ந்து சென்றபோது மலைகளைத் தேய்த்து, இடையிலுள்ள பள்ளத்தாக்குகளை ஆழமாக்கின. அப்பள்ளங்களில் நீர் தங்கியதால் ஈகிள் ஏரி, ஜோர்டான் குளம் முதலிய நீர்நிலைகள் உண்டாயின.

மலைகள் உயரத்தில் சிறியவையெனினும் பல இடங்களில் அவற்றின் சரிவு செங்குத்தானது. மேல்மண் மெல்லியது, அதன் கீழே பாறை. ஆகவே பெய்யும் மழை மண்ணில் அதிகம் ஊறாமல் விரைந்து கீழிறங்குகிறது. குளிர்காலத்தில் நிலம் உறைந்துவிடுகிறது. வசந்தகாலத்தில் இளகிச் சேறாகிறது. சாலை போடுகிறவருக்கு இது எளிய இடமன்று.

இப்பூங்கா உருவான விதமும் குறிப்பிடத்தக்கது. தீவின் இயற்கை அழகு தனியார் கைகளில் சிதைந்துவிடக் கூடாதென்று கருதிய சார்லஸ் எலியட், ஜார்ஜ் டோர் ஆகியோர் 1901-ஆம் ஆண்டில் ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தி, நிலங்களை நன்கொடையாகவும் விலைக்கும் பெற்றுப் பொதுமக்களுக்காகக் காத்தனர். அந்நிலங்களை அரசாங்கம் ஏற்று, 1916-இல் தேசிய நினைவிடமாக்கியது. 1919-இல் அது லபாயெட் என்ற பெயரில் தேசியப் பூங்காவாயிற்று. இப்போதுள்ள அக்கேடியா என்னும் பெயர் 1929-இல் சூட்டப்பட்டது.

எண்ணெய்ச் செல்வரும் குதிரை வண்டியும்

இத்தீவில் கோடைகால இல்லம் அமைத்துக்கொண்டவர்களுள் ஒருவர் இளைய ஜான் ராக்பெல்லர் (1874-1960). அவருடைய தந்தையார் கல்லெண்ணெய் வியாபாரத்தில் உலகப் புகழ்பெற்ற செல்வர். மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக அச்செல்வமும் பெருகியது. ஆயினும் மகனார் இத்தீவில் அமைத்தது மோட்டார் வண்டி நுழையாத சாலைகளை என்பது வியப்புக்குரியது. தீவிற்குள் மோட்டார் வண்டிகள் வரத்தொடங்கிய காலத்தில், குதிரை வண்டியிலும் கால்நடையாகவும் செல்வோர் அச்சமின்றி மலைகளிடையே உலவுவதற்குத் தனிச் சாலைகள் வேண்டும் என்று அவர் கருதினார்.

1913-இல் தொடங்கிய வேலை 1940-இல் முடிந்தது. இந்த 27 ஆண்டுகளில் மொத்தம் 57 மைல் சாலை அவர் செலவில் அமைந்தது. அதில் 45 மைல் இன்று பூங்காவினுள் அடங்கும். எஞ்சியது பூங்காவிற்கு வெளியே உள்ளது. ஒஹையோ, நியூயார்க் மாநிலங்களிலிருந்த தம் குடும்ப நிலங்களில் தந்தையார் சாலை போட்டதைக் கண்டு, அத்தொழிலின் நுட்பங்களை ராக்பெல்லர் இளமையிலேயே கற்றிருந்தார். ஆகவே பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்காமல், எந்தச் சாலை எந்த மரத்தின் பக்கமாகத் திரும்ப வேண்டும் என்பதுவரை நேரில் கவனித்தார்.

வேலைக்கு எதிர்ப்பு இல்லாமற் போகவில்லை. சாலைகள் காட்டின் தனிமையைக் கெடுத்துவிடும் என்று கோடைகால வாசிகள் சிலர் கருதினர். 1924-இல் இவ்விவகாரம் வாஷிங்டன்வரை சென்றது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த செனட்டர் ஜார்ஜ் பெப்பர் ஆட்சேபித்தார். உள்துறைச் செயலராயிருந்த ஹியூபர்ட் வொர்க் அதை விசாரித்தார். விசாரணைக்குப் பிறகு வேலை தொடர்ந்தது. மலையை வெட்டிச் சாலையை நேராக்காமல், மலையின் போக்கிற்கேற்பச் சாலையை வளைத்துச் சென்றமையால், எதிர்த்தவர்கள் அஞ்சிய அளவுக்குக் காடு சிதையவில்லை என்பதை இன்று அங்கு செல்வோர் கண்கூடாகக் காணலாம்.

சாலை அமைப்பின் நுட்பம்

இச்சாலைகள் நமக்கு முற்றிலும் புதியவை அல்ல. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் மெக்காடம் (1756-1836) என்பவர், பெரும் பாறைகளைப் பதிக்காமல், உடைத்த சிறு கற்களை அடுக்கி இறுக்கினாலே உறுதியான சாலை கிடைக்கும் என்று காட்டினார். நம் பொறியாளர்கள் கப்பிச் சாலையை ‘மெக்காடம்’ என்று குறிப்பிடுவது அவர் பெயரால்தான். அக்கேடியாவின் சாலைகளும் அதே இனத்தைச் சேர்ந்தவை.

உடைத்த கல்லுக்குள்ள சிறப்பு அதன் கூர்மையான முனைகளாகும். ஆற்றில் உருண்டுவந்த கூழாங்கல்லைப் பரப்பி மிதித்தால் அது நழுவும். உடைத்த கல்லோ ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு அசையாது நிற்கும். இடைவெளிகளைக் கல்தூளும் சிறிதளவு களிமண்ணும் நிரப்பி, ஈரத்தோடு உருளையால் இறுக்கும்போது, தளம் முழுவதும் ஒரே பலகையைப்போல் கெட்டிப்படுகிறது. அக்கேடியாவில் இதற்கு வேண்டிய கல்லைத் தொலைவிலிருந்து கொண்டுவரவில்லை. அத்தீவின் கருங்கல்லையே வெட்டியெடுத்துப் பயன்படுத்தினார்கள்.

சாலையின் அகலம் சுமார் 16 அடி. கல் மூன்று அடுக்குகளாகப் போடப்பட்டது. அடியில் பெருங்கல், நடுவில் அதனினும் சிறியது, மேலே பொடிச் சரளை. அடியிலுள்ள பெருங்கற்களின் இடைவெளி வழியே நீர் வடிந்துவிடும். மேலுள்ள பொடிச் சரளை சக்கரத்திற்கு வழவழப்பான பரப்பைத் தரும்.

இவ்வளவும் செய்தாலும் நீர் தேங்கினால் சாலை நிலைக்காது. ஆகவே சாலையின் நடுப்பகுதியை ஓரங்களைவிட 6 முதல் 8 அங்குலம்வரை உயர்த்தினார்கள். நடுவிலிருந்து ஓரம் 8 அடி. அத்தூரத்தில் 6 அங்குலம் இறங்கினால் 16 அடிக்கு ஓர் அடி சரிவு. 8 அங்குலம் இறங்கினால் 12 அடிக்கு ஓர் அடி சரிவு. இது தாராளமான சரிவு. சாலையில் விழும் மழைத்துளி நீளவாக்கில் ஓடிச் சாலையை அரிப்பதற்கு முன்பே குறுக்குவாக்கில் இறங்கி ஓரக்கால்வாயை அடைந்துவிடும். மலைச் சாலைக்கு இது இன்றியமையாதது. ஏனெனில் இறக்கத்தில் நீளவாக்கில் ஓடும் நீர், போகப்போக வேகமும் அளவும் பெருகிக் கல்லையே உருட்டிச் சென்றுவிடும்.

ஓரக்கால்வாய்கள் அகலமாக வெட்டப்பட்டன. மலைப் பக்கத்துக் கால்வாயில் சேரும் நீரை இடையிடையே கல்லால் கட்டிய மதகுகள் சாலைக்கு அடியாக வாங்கிப் பள்ளப் பக்கம் விடுகின்றன. ஒரே இடத்தில் பெருநீரை விடாமல், பல இடங்களில் சிறிது சிறிதாக விடுவதால் கீழ்ச்சரிவும் அரிபடுவதில்லை.

மலைச்சரிவைத் தேவைக்கு மேல் வெட்டாமல், மேற்பக்கத்தில் மண் சரியாதபடி அணைசுவரும், கீழ்ப்பக்கத்தில் சாலையைத் தாங்கும் சுவரும் கட்டினார்கள். பள்ளத்தை ஒட்டிய இடங்களில் வண்டி விலகி விழாதபடி பெரிய கருங்கற்களை வரிசையாக நட்டார்கள். ‘ராக்பெல்லரின் பற்கள்’ என்று வேடிக்கையாக அழைக்கப்படும் இக்கற்கள் இன்றும் காவலாக நிற்கின்றன. வெட்டுப்பட்ட ஓரங்களில் அம்மண்ணுக்கே உரிய செடிகொடிகளை வளர்த்தார்கள். இவ்வேலையில் பியாட்ரிக்ஸ் பாரன்ட் என்னும் தோட்டக்கலை அம்மையார் ஆலோசனை கூறினார். அழகுக்காக நட்டவை எனத் தோன்றும் அச்செடிகளின் வேர்களே மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன.

ஓடைகளையும் பள்ளங்களையும் கடக்க ராக்பெல்லர் கட்டுவித்த பாலங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு தோற்றமுடையவை. அவற்றுள் முதலாவது, கூழாங்கற்களைக்கொண்டு முகம் அமைத்த பாலம், 1917-இல் கட்டப்பட்டது. பின்னர் வந்தவை உள்ளே இரும்புக்கம்பி கோத்த கான்கிரீட்டும், வெளியே அவ்வூர்க் கருங்கல் முகமும் கொண்டவை.

சைக்கிளுக்கு ஏற்ற வழிகள்

குதிரைக்காக வகுத்த சாலை சைக்கிளுக்கும் பொருத்தமாக அமைந்தது தற்செயலன்று. பாரம் இழுக்கும் குதிரை செங்குத்தான ஏற்றத்தில் திணறும். குறுகிய வளைவில் வண்டி திரும்பாது. ஆகவே ஏற்றங்களை நீட்டி, வளைவுகளை விரித்துச் சாலையை வகுத்தார்கள். இரண்டு கால்களின் வலிமையையே நம்பி மிதிப்பவருக்கும் அதே வசதி வேண்டியிருக்கிறது.

சாலைகள் சந்திக்கும் இடங்களில் எல்லாம் எண்ணிட்ட மரக் கம்பங்கள் நாட்டப்பட்டுள்ளன. அதே எண்கள் பூங்காவின் வரைபடத்திலும் உள்ளமையால், முதன்முறை வருகிறவரும் தாம் நிற்கும் இடத்தை அறிந்து வழி தேர்ந்துகொள்ளலாம்.

ஈகிள் ஏரியைச் சுற்றிவரும் வழி சுமார் 6 மைல். இந்த ஏரி பார் ஹார்பர் ஊருக்குக் குடிநீர் தருவது; ஆகவே அதில் நீராடுவதற்கு அனுமதியில்லை. வடக்கே விட்ச் ஹோல் குளத்தைச் சுற்றிவரும் வழி சிறியது; அதனருகே 1929-இல் கட்டப்பட்ட டக் ஓடைப் பாலத்தைக் காணலாம். நீண்ட பயணத்தை விரும்புவோர் ‘மலையைச் சுற்றி’ என்று பெயர் பெற்ற வழியில் செல்கிறார்கள். சுமார் 11 மைல் நீளமுள்ள இவ்வழி சார்ஜென்ட் மலையையும் அதைச் சார்ந்த மலைகளையும் வளைத்து ஏறி இறங்குகிறது. வழியில் அருவிக்கு எதிரே அமைந்த பாலம் ஒன்றும் உண்டு. களைத்தவர்கள் ஜோர்டான் குளத்தின் தென்கரையிலுள்ள விடுதியில் தேநீர் அருந்தி இளைப்பாறலாம்.

1999 முதல் பருவகாலங்களில் தீவில் கட்டணமில்லாத பஸ்கள் ஓடுகின்றன. சைக்கிள்களை ஏற்றிச் செல்வதற்கென்றே பார் ஹார்பரிலிருந்து ஈகிள் ஏரிக்குத் தனி ஏற்பாடும் உண்டு. இதனால் மோட்டார் வண்டி கொண்டுவராதவர்களும் சாலையின் தொடக்கத்தை எளிதில் அடைகிறார்கள்.

சரளைச் சாலையில் செல்லும் சைக்கிளுக்கு அகலமான டயர் வேண்டும். பந்தயச் சைக்கிளின் மெல்லிய டயர் தளர்ந்த சரளையில் புதைந்து வழுக்கும். இறக்கத்தில் திடீரென்று பிரேக்கை இறுக்கினால் சக்கரம் சுழலாமல் இழுபட்டு ஓட்டுகிறவரை வீழ்த்துவதோடு, சாலையின் மேற்பரப்பையும் கிளறிவிடும். தொடக்கத்திலிருந்தே வேகத்தை மட்டுப்படுத்தி இறங்குவதே ஓட்டுகிறவருக்கும் சாலைக்கும் நல்லது.

பொதுச்சாலையின் ஒழுங்கு

ஒரே சாலையில் நடப்பவரும் குதிரையில் வருபவரும் சைக்கிளில் செல்பவரும் கலந்து செல்லும்போது பூசல் எழுவது இயல்பு. 1980-களில் மலைச் சைக்கிள்கள் பரவியபின் இங்கும் அப்பூசல் எழுந்தது. பிற்காலத்தில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தார் இச்சாலைகளைப் பயன்படுத்துவோரிடம் விசாரித்து ஆராய்ந்தனர். கூட்டத்தின் அளவு மட்டுமன்றி, முன்னறிவிப்பின்றிப் பின்னாலிருந்து கடந்து செல்வதும் மிகுந்த வேகமும் மக்களுக்குத் தொல்லையாயிருப்பது அதனால் தெரியவந்தது.

இப்போதுள்ள விதி எளியது. சைக்கிளில் செல்பவர் எல்லோருக்கும் வழிவிட வேண்டும். நடப்பவர் உட்பட அனைவரும் குதிரைக்கு வழிவிட வேண்டும். கடக்குமுன் குரல் கொடுத்தோ மணி அடித்தோ அறிவிக்க வேண்டும். வேகம் மணிக்கு 20 மைலுக்கு மேற்படலாகாது. மின்சார உதவியுள்ள சைக்கிள்களில், மிதித்தால் மட்டும் உதவி செய்யும் முதல் வகைக்கே அனுமதி உண்டு. மோட்டார் வண்டிகளுக்கு இடமேயில்லை. மலையேறும் ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிள் செல்லக் கூடாது. பூங்காவிற்கு வெளியேயுள்ள தனியார் பகுதிச் சாலைகளிலும் சைக்கிளுக்குத் தடை உண்டு.

மற்றொரு விதி நம் கவனத்திற்கு உரியது. வசந்தகாலத்தில் பனி இளகும்போது சாலைகளையே சில வாரங்கள் மூடிவிடுகிறார்கள். மேல்மண் இளகியிருக்கும், கீழ்மண் இன்னும் உறைந்திருக்கும். இடையில் அகப்பட்ட நீர் கீழே வடிய வழியின்றித் தளத்தைக் குழைத்துவிடும். அவ்வேளையில் சைக்கிள் சக்கரமும், ஏன், காலடியுங்கூடப் பள்ளம் பதிக்கும். அப்பள்ளத்தில் மீண்டும் நீர் நிற்கும். சில வாரப் பொறுமையால் ஓர் ஆண்டின் பழுது தவிர்க்கப்படுகிறது.

நலிந்த கதை

இத்தனை சிறப்பாக அமைத்த சாலைகளும் ஒரு காலத்தில் அழிவின் விளிம்பிற்கு வந்தன. ராக்பெல்லர் இருந்தவரை ஆட்களை வைத்துக் கால்வாய்களில் சேரும் சருகையும் விழுந்த மரங்களையும் அகற்றச் செய்தார். 1960-இல் அவர் மறைந்தபின் அப்பொறுப்பு பூங்கா நிர்வாகத்தைச் சார்ந்தது. நிர்வாகத்திற்கு வேறு பல வேலைகள் இருந்தன. பணமும் ஆட்களும் போதவில்லை. வருவோர் தொகையோ பெருகிக்கொண்டிருந்தது.

நலிவு ஒரே நாளில் நேரவில்லை. முதலில் ஓரங்களில் புல்லும் புதரும் வளர்ந்தன. சாலையிலிருந்து இறங்கும் மண்ணை அவை தடுத்து நிறுத்தியதால், ஓரம் வரப்பைப்போல் உயர்ந்தது. நடுவிலிருந்து வழியும் நீர் கால்வாயை அடைய முடியாமல் வரப்போரமாகச் சாலையின் மேலேயே ஓடத் தொடங்கியது. ஓடும் நீர் பொடிச் சரளையை அடித்துச் செல்ல, கீழ் அடுக்கின் கற்கள் பற்களைப்போல் வெளியே தெரிந்தன. பயன்பாட்டினால் நடுமேடு தேய்ந்து தட்டையாயிற்று. சருகு அடைத்த மதகுகள் நீரை வாங்க மறுத்தன. கால்வாயில் முளைத்த செடிகள் மரங்களாயின. அவற்றின் வேர்கள் கல்வேலைகளை நெம்பின. காவற்கற்கள் சாய்ந்தன.

இவற்றுள் எதுவும் பெரிய விபத்தன்று. ஒவ்வொன்றும் ஒரு மண்வெட்டியால், ஒரு நாள் வேலையால் தீர்ந்திருக்கக்கூடிய சிறு குறையே. செய்யாமல் விட்ட சிறு வேலைகள் முப்பதாண்டுகள் சேர்ந்தமையால்தான், பழுதுபார்த்தல் போதாது, புனரமைப்பே வேண்டும் என்னும் நிலை வந்தது.

மீண்ட கதை

1986-இல் ‘அக்கேடியாவின் நண்பர்கள்’ என்னும் பொதுமக்கள் சங்கம் தோன்றியது. அதன் முயற்சியும் அரசாங்கத்தின் நிதியும் இணைந்து, 1992 முதல் 1995 வரை சாலைகள் புனரமைக்கப்பட்டன. அடித்தளமும் நடுமேடும் மீண்டும் உருவாக்கப்பட்டன. கால்வாய்களும் மதகுகளும் திறக்கப்பட்டன. ஓரங்களிலிருந்த மரஞ்செடிகள் களையப்பட்டன. காவற்கற்கள் நிமிர்த்தி நடப்பட்டன. மேற்பரப்புக்குப் புதிய சரளை போடப்பட்டது.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அச்சங்கத்தார் புனரமைப்போடு நின்றுவிடவில்லை. இவ்வளவு செலவிட்டுச் செப்பனிட்ட சாலை மறுபடியும் கவனிப்பாரற்றுப் போனால் என்ன பயன் என்று சிந்தித்தனர். ஆகவே நன்கொடை திரட்டி, சாலைப் பராமரிப்புக்கென்றே ஒரு நிரந்தர வைப்புநிதியை ஏற்படுத்தினர். முதலைத் தொடாமல் வரும் வருமானம் ஆண்டுதோறும் சாலை வேலைக்குச் செல்கிறது. அரசாங்க நிதியும் பூங்காவின் நுழைவுக் கட்டணமும் இதனோடு சேர்கின்றன. சாலை போடுவதற்கு நன்கொடை கேட்டால் கொடுப்போர் உண்டு. கால்வாய் தூர்வாருவதற்குக் கேட்டால் கொடுப்போர் அரிது. அந்த அரிய காரியத்தை அவர்கள் சாதித்திருக்கிறார்கள்.

பணத்தோடு உடலுழைப்பும் சேர்கிறது. இலையுதிர்காலம் முடியும் தறுவாயில், நவம்பர் மாதத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமையன்று, நூற்றுக்கணக்கான தொண்டர்கள் வாருகோல்களுடன் கூடுகிறார்கள். பள்ளி மாணவர் முதல் முதியோர்வரை அதில் உண்டு. அவர்கள் செய்வது ஒரே வேலை: ஓரக்கால்வாய்களிலும் மதகுகளின் வாயிலும் குவிந்த சருகை வாரி அகற்றுவது. குளிர்காலம் முடிந்து பனி இளகி நீர் பெருகும்போது அதற்குத் தடையில்லாத வழி இருக்க வேண்டும் என்பதே நோக்கம். ஒரு நாள் உழைப்புத்தான். எனினும் சாலையின் ஆயுளை நீட்டிப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

புதிய சோதனை

எனினும், ஒருமுறை செப்பனிட்டுவிட்டால் கவலை தீர்ந்தது என்று சொல்வதற்கில்லை. 2021-ஆம் ஆண்டு ஜூன் 9 அன்று சில மணி நேரத்தில் கொட்டிய பெருமழை இச்சாலைகளைப் பல இடங்களில் அரித்துச் சென்றது. அக்காலத்து மழைக்கு ஏற்ப அளந்து கட்டிய மதகுகள் இவ்வளவு நீரை ஒரே வேளையில் விழுங்க முடியவில்லை. மதகு கொள்ளாத நீர் சாலைமீது ஏறிப் பாய்ந்தது. பாய்ந்த இடத்தில் மேலடுக்கும் நடு அடுக்கும் அடித்துச் செல்லப்பட்டன. பெருமழைகள் முன்னினும் கடுமையாக வருகின்ற இந்நாளில், பழைய அழகைக் கெடுக்காமல் நீர்வழிகளைப் பெரிதாக்குவது பூங்கா நிர்வாகத்தின் முன்னுள்ள பொறுப்பாகும்.

நூறாண்டு நின்ற சாலையும் நீருக்குக் கொடுக்க வேண்டிய வழியைக் குறைத்தால் ஒரு மழையில் போய்விடும் என்பதை இந்நிகழ்ச்சி நினைவூட்டுகிறது.

நாம் அறியத்தக்கவை

அக்கேடியாவின் நிலைமை வேறு. நம் கிராமங்களின் நிலைமை வேறு. அங்கு உறைபனி, இங்குப் பருவமழை. அங்கு குதிரையும் சைக்கிளும். இங்குப் பார வண்டியும் டிராக்டரும் லாரியும் செல்ல வேண்டும். ஒரு பெருஞ்செல்வரின் பணமும் நமக்கு இல்லை. ஆயினும் கல்லுக்கும் நீருக்கும் உள்ள உறவு எந்த நாட்டிலும் ஒன்றே. ஆகவே சில செய்திகளை நாம் தயக்கமின்றி எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, கப்பிச் சாலை அதன் இயல்பால் குறுகிய ஆயுள் உடையதன்று. நடுமேடு, ஓரக்கால்வாய், மதகு ஆகிய மூன்றும் சரியாயிருக்கும் வரை அது நிற்கும். இவற்றுள் ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டினால் பயனில்லை. புதிய சாலைக்கு மதிப்பீடு வரும்போது, கல்லின் கனம் எவ்வளவு என்று கேட்கும் அங்கத்தினர், நீர் எங்கே போகிறது என்றும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, கால்வாய் தூர்ந்திருப்பதைக் காண்பதற்குப் பொறியாளர் வேண்டுவதில்லை. மழை பெய்துகொண்டிருக்கும்போதே குடை பிடித்துச் சாலையோரமாக நடந்து பார்த்தால், நீர் எங்கே தேங்குகிறது, எங்கே சாலைமீது ஏறுகிறது என்பது யாருக்கும் விளங்கும். சாலையோர நிலமுடைய விவசாயி, வண்டி இறங்குவதற்காகக் கால்வாயை மண்ணிட்டு மூடும்போது, கீழே ஒரு குழாயைப் பதித்துவிட்டால் சாலையும் பிழைக்கும். மழைக்காலத்தில் அவர் வயலுக்கும் வண்டி போகும்.

மூன்றாவது, ஈரமாயிருக்கும் சாலைக்குச் சிறிது ஓய்வு தருவது. பெருமழைக்கு அடுத்த ஓரிரு நாள் பாரம் ஏற்றிய வண்டிகளை நிறுத்திவைக்க ஊரார் தாமே கூடி முடிவு செய்துகொண்டால், பல மாதப் பள்ளங்களைத் தவிர்க்கலாம்.

நான்காவது, எல்லாவற்றினும் முக்கியமானது. சாலை போடும் நாளிலேயே அதைப் பேணுவதற்கான ஏற்பாட்டையும் செய்துவிட வேண்டும். அது ஒரு சிறு தொகையாக இருக்கலாம். அல்லது பருவமழைக்கு முன் ஊரார் கூடி உழைக்கும் ஒரு நாளாக இருக்கலாம். அக்கேடியாவின் சாலைகளை முப்பதாண்டுகள் வாட்டியது கல்லின் குறைவன்று, கவனிப்பின் குறைவு. அவற்றை மீட்டு இன்றளவும் காத்துவருவது அந்தக் கவனிப்பே.

பருவமழை தொடங்குவதற்கு முன் நம் ஊர்ச் சாலையின் மதகுகளைச் சுற்றிப் பார்ப்போம். அடைத்திருப்பதைத் திறப்போம். இவ்வாண்டுச் சாலையின் ஆயுளை ஓர் ஆண்டாவது கூட்டிக்கொள்ள இதுவே எளிய வழி.